உரிமச் சன்னல், உதவிச் சன்னல்
சிறுதொழிலும் உள்ளாட்சியும் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் ‘தொழில்’ என்கிற சொல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசும். தொழிலாளி என்றாலும் தொழிலதிபர் என்றாலும் அடியில் கிடப்பது அதே சொல்தான். கைத்தொழில், குடிசைத் தொழில், சிறுதொழில், குலத்தொழில் என்று அது நீண்டுகொண்டே போகும். இந்த வரிசையில் பிந்தி வந்து சேர்ந்தது ‘தொழில் முனைவோர்’. அரசின் விண்ணப்பப் படிவங்களில் இன்று அதிகம் புழங்குவது இதுதான். செருப்புத் தைப்பவர், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பெண், லேத்துப் பட்டறை வைக்க நினைக்கும் ஐ.டி.ஐ. படித்த பையன்: இவர்களில் யார் முனைவோர், யார் வெறும் தொழிலாளி, யார் ‘ஆக்கிரமிப்பாளர்’? இதை முடிவு செய்வது சந்தை மட்டுமல்ல. அரசு அலுவலகத்தின் சன்னலும்தான்.

நம் சூழலில் இந்தப் பொருள் அதிகம் பேசப்பட்டதில்லை. இடதுசாரித் தோழர்கள் ‘குட்டி முதலாளியம்’ என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுவார்கள். எதிர்த்தரப்பிலோ, ஆளுக்கொரு கடனைக் கொடுத்துவிட்டால் எல்லாரும் முதலாளி என்கிற புராணம். இரண்டு பேருமே கடன் மனுவின் வரிகளை வாசிப்பதில்லை. நண்பர்கள் சிலருக்காக அந்த மனுக்களை நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘பெயர்’, ‘தந்தை பெயர்’ தாண்டியதும் மனு கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: உன்னிடம் ஏற்கனவே என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் சிறுதொழிலை அரசு இரண்டு சன்னல்கள் வழியாகப் பார்த்து வந்திருக்கிறது. ஒன்று உரிமம் தருகிற சன்னல். அது உள்ளாட்சியிடம் இருக்கிறது. இன்னொன்று உதவி தருகிற சன்னல். அது மாகாண அரசிடமும் பின்னால் மாநில, மத்திய அரசுகளிடமும் இருந்து வந்தது. ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசுக்குத் தடுக்கிற கை, தூரத்தில் உள்ள அரசுக்குக் கொடுக்கிற கை. இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு, அதற்குள் சாதி உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

உதவிச் சன்னலின் கதையை ஆல்பிரட் சாட்டர்டனிடமிருந்து தொடங்கலாம். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இந்த ஆங்கிலேயர், 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். சோதனை லாபம் தந்தது. 1903இல் அதை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அடுத்து அவர் குரோம் முறையில் தோல் பதனிடுவதைக் கையிலெடுத்தார். 1906இல் சேலத்தில் ஒரு நெசவுச் சாலை வந்தது. கிணற்றில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் பொருத்துகிற வேலையும் நடந்தது. அரசே தொழில் நடத்திக் காட்டும், பிறகு தனியார் கற்றுக்கொண்டு எடுத்து நடத்தட்டும் என்பதுதான் திட்டம். இதற்கென்று ஒரு தொழில்துறையே மாகாணத்தில் உருவாகத் தொடங்கியது.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அரசு போட்டிக்கு வருகிறது என்று கூச்சலிட்டார்கள். லண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910 ஜூலையில் அனுப்பிய கடிதம் இந்த முயற்சிக்குத் தடை போட்டது. அரசுப் பணத்தைத் தொழில் கற்பிக்கச் செலவழிக்கலாம், தொழில் நடத்தச் செலவழிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த கோடு. சுதந்திர வர்த்தகம் என்கிற கோட்பாட்டின் பேரில் ஒரு காலனிக்குச் சொல்லப்பட்ட புத்திமதி இது. 1914இல்தான் துறை மறுபடி உயிர் பெற்றது. முதல் உலகப் போரில் கப்பல் வராமல் போனதும் 1916இல் இந்தியத் தொழில் கமிஷன் அமர்ந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு தொழில்துறை மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்கு மாறியது. நீதிக்கட்சி ஆண்ட காலத்தில் தொழில்களுக்கு அரசு உதவும் சட்டம் (1923ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம்) வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாகாணம் சென்னைதான்.

வழக்கமான தொழில் வரலாறுகள் இதைக் காலனியத்துக்கும் தேசியத்துக்கும் நடந்த இழுபறியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நான் நிற்க விரும்புவது வேறிடத்தில். சாட்டர்டனின் குரோம் தோலுக்குக் கிடைத்த முதல் பயன்களில் ஒன்று, கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோற்பை. கொங்கு நாட்டில் அந்தத் தோலைத் தைத்ததும் பழுது பார்த்ததும் அருந்ததியர்கள். கூலி, அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கப்படும் தானியம். அதாவது தோலின் தரம், தையலின் உறுதி, நீரில் ஊறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்த அறிவு. சோதனை அவர்களுடைய பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சோதனைக்குப் பின்னால் வரப்போகிற ‘தொழில் நடத்துபவர்’ என்ற இடத்தில் அவர்கள் கற்பனை செய்யப்படவில்லை. எஞ்சினும் பம்பும் வந்தபோதோ அதற்கான கடன் கிணறு உடையவருக்குப் போனது. கவலை போனால் தையல் போகும். அந்தப் பக்கத்துக்குக் கடன் மனு கிடையாது.

சேலம் நெசவுச் சாலையிலும் இதே இடைவெளி. நெசவாளர்கள் மணியடித்தால் வருவதும் மணியடித்தால் போவதுமான வாழ்க்கைக்கு இணங்கவில்லை. ஆள் நிற்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. இதை ‘ஒழுங்கின்மை’ என்று எழுதுவது அதிகாரத்தின் மொழி. வீட்டுத் தறியில் பாவு ஓடுவதும் பெண்கள் நூல் சுற்றுவதும் சேர்ந்ததுதான் நெசவு. அதைச் சாலைக்குள் கொண்டுவந்து ஒரு ஆளின் கூலியாக மாற்றியபோது குடும்பத்தின் மற்ற உழைப்பு கணக்கிலிருந்தே காணாமல் போயிற்று.

1920 வாக்கில் இதே மாகாண அரசு லேபர் கமிஷனர் என்ற பதவியை ஏற்படுத்தி, தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் நலனை அவரிடம் ஒப்படைத்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம், நிலம் எல்லாம் அந்தத் துறையின் வேலை. அவற்றின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிரிவினையைப் பாருங்கள். மூலதனம் வேண்டுவோர் தொழில்துறைக்குப் போகிறார்கள், தலித்துகள் லேபர் துறைக்குப் போகிறார்கள். ஒரு பெரும் மக்கள் தொகுதியை ‘உழைப்பு’ என்றே பெயரிட்டு ஒரு துறைக்குள் வைத்துவிட்டது நிர்வாகம். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரைப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அரசு அலுவலகங்களின் பெயர்ப் பலகைகளிலும் அந்தப் பிரிப்பு நடந்திருக்கிறது.

3

இனி உரிமச் சன்னல். 1919இன் சென்னை நகராட்சிச் சட்டமும் 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் சில தொழில்களை உரிமமில்லாமல் நடத்தக் கூடாது என்றன. மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் அது 249ஆம் பிரிவு. பின்னால் ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். நகராட்சி அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக ‘டி அண்ட் ஓ லைசென்சு’ என்பார்கள். ஆபத்தான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்று விரித்துக்கொள்ள வேண்டும். நெருப்புப் பிடிக்கக் கூடியதும் வெடிக்கக் கூடியதும் ஆபத்து என்பது புரிகிறது. தோல், எலும்பு, கொழுப்பு, மீன் உலர்த்துவது? இவை ‘அருவருப்பு’ப் பக்கம்.

இந்த வகைமை இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சட்டங்களிலிருந்து இறக்குமதியானது. அங்கே அது ஆலை நகரங்களின் நாற்றத்தைப் பற்றிய பேச்சு. இங்கே வந்து இறங்கியபோது அதற்கு ஒரு இடம் தயாராக இருந்தது. எந்த வேலை ஊருக்குள், எந்த வேலை ஊருக்கு வெளியே என்பதைச் சாதி ஏற்கனவே கோடு கிழித்து வைத்திருந்தது. சட்டம் நாற்றத்தைச் சொன்னது, படித்தவர்களுக்குத் தீட்டு கேட்டது. சுகாதாரச் சொல்லாடலும் தீட்டுச் சொல்லாடலும் ஒரே பட்டியலில் கைகுலுக்கிக்கொண்டன.

சுற்றுச்சூழல் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது ஊரறிந்த விஷயம். 1996இல் உச்சநீதிமன்றமே மாசுபடுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் ஆற்றைக் கெடுத்த ஆலையும் தெருமுனையில் செருப்புத் தைப்பவரும் ஒரே ‘தோல்’ என்ற சொல்லுக்குள் வருவதில்தான் சிக்கல். பெரியவருக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட அரசு மானியம் உண்டு. சின்னவருக்கு உண்டானது பட்டியல் மட்டும்தான்.

அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சிக்கு அதிகாரம் வந்துவிட்டது என்று நம்மில் பலர் கொண்டாடினோம். ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள். அதில் 8ஆவது சிறுதொழில், 9ஆவது காதி, கிராம, குடிசைத் தொழில்கள். நகரங்களுக்கான 12ஆவது அட்டவணையில் 18 பொருள்கள். அதில் சிறுதொழில் என்ற சொல்லே கிடையாது. பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டமிடுதல், நகர்ப்புற வறுமை ஒழிப்பு என்று பொத்தாம் பொதுவாக இருக்கிறது. கடைசியாக, 18ஆவதாக ஒன்று இருக்கிறது: இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் இடங்களையும் ஒழுங்குபடுத்துதல். 1920இன் பட்டியல் 1993இன் ஜனநாயகத்துக்குள்ளும் இடம் பிடித்துவிட்டது.

சரி, கிராமத்துக்குத்தான் சிறுதொழில் கிடைத்ததே என்றால், அது அட்டவணையில் மட்டும். அட்டவணையில் பெயர் இருப்பது வேறு, அலுவலரும் பணமும் கைமாறுவது வேறு. சிறுதொழிலுக்கான அலுவலகம் மாவட்டத் தொழில் மையம். அது மாநிலத் துறையின் கீழ் நிற்கிறது. ஊராட்சித் தலைவர் அங்கே போனால் அவரும் ஒரு மனுதாரர்தான்.

4

மாவட்டத் தொழில் மையம் 1977 டிசம்பரில் ஜனதா அரசின் தொழில் கொள்கையில் அறிவிக்கப்பட்டது. அப்போது தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். 1978 மே மாதம் செயலுக்கு வந்தது. கடன், மின்சாரம், மூலப்பொருள், பதிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது வாக்குறுதி. தலைநகரத்துக்கு அலைந்தவர்கள் மாவட்டத் தலைநகரோடு நிற்கலாம் என்றது உண்மையில் ஒரு முன்னேற்றம். ஆனால் ‘மாவட்டம்’ என்றால் இங்கே ஆட்சியரின் மாவட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மாவட்டம் அல்ல.

அதற்கு முந்திய ஒரு முயற்சி என் வாதத்துக்கு முக்கியம். 1950களில் போர்டு அறக்கட்டளை அனுப்பிய நிபுணர் குழுவின் யோசனைப்படி சிறுதொழில் சேவை நிலையங்கள் வந்தன. சென்னையில் அது கிண்டியில் அமைந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை உருவானது. ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம். பேட்டையின் அடிப்படை உத்தி எளிமையானது. கட்டி முடித்த கொட்டகை, மின் இணைப்பு, சாலை, பொதுவான சோதனைக் கூடம். கொட்டகைக்கு வாடகை கட்டினால் போதும், பிறகு தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நிலம் வைத்திருப்பவனுக்குத்தான் தொழில் என்ற சங்கிலியில் ஒரு கண்ணியை அது அறுத்தது. கையில் வித்தை மட்டும் வைத்திருந்தவனும் உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தது. யார் யார் நுழைந்தார்கள் என்பது தனி ஆய்வு. பட்டாவைக் கேட்காத உதவி சாத்தியம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பிற்காலத்தில் உதவி கொட்டகையிலிருந்து கடனுக்கு நகர்ந்தது. கொட்டகை என்பது ஒரு இடம், கடன் என்பது ஒரு ஆளைப் பற்றிய மதிப்பீடு. ‘என்னத்த அடமானம் வைக்கப் போற?’ என்பதுதான் கவுண்டரில் கேட்கப்படுகிற முதல் கேள்வி. ஒரு வரம்பு வரை அடமானம் வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஆனால் விதி சுவரில் ஒட்டியிருக்கும், கேள்வி மேசையிலிருந்து வரும். ‘வீடு யார் பேர்ல இருக்கு?’ என்று சுற்றி வளைத்தும் கேட்கலாம்.

இங்கும் பழைய பிரிவினை தொடர்ந்தது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ, ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தரத்தான் பிறந்தது. தொழில் கடன் பின்னால் வந்து சேர்ந்த பொறுப்பு. பெண்களுக்கு இன்னொரு தடம். 1989இல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவின. ஆணுக்குச் சொத்து ஜாமீன், பெண்ணுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஜாமீன். குழு கொடுத்த தைரியத்தையும் பேச்சையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தவணை தவறினால் வட்டியை விட முதலில் வந்து நிற்பது மானக்கேடு. அது வங்கியின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவாகாத ஜாமீன்.

5

2008இல் மத்திய அரசு பழைய இரண்டு திட்டங்களை இணைத்துப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 விழுக்காடு சொந்தப் பணம் போட வேண்டும், தலித்துகள், பழங்குடிகள், பெண்கள் உள்ளிட்டோர் 5 விழுக்காடு போட வேண்டும். இவர்களுக்கு மானியமும் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வழிகாட்டுதலில், உதவி கிடையாது என்கிற தொழில்களின் பட்டியல் ஒன்று உண்டு. பீடி, சுருட்டு, சாராயம், கள் இவற்றோடு இறைச்சி. வெட்டிய இறைச்சியைப் பதப்படுத்துவது, டப்பாவில் அடைப்பது, அதைச் சமைத்துப் பரிமாறுவதுகூட அதில் அடக்கம்.

சாராயத்தோடு பிரியாணியை ஒரே வரியில் வைத்தது எந்தப் பொருளாதாரம்? இறைச்சி விற்பது இந்த நாட்டில் சட்டப்படியான வியாபாரம். மக்களில் பெரும்பாலோர் தின்பது. சுகாதாரம்தான் கவலை என்றால் அதற்கு உணவுச் சட்டம் இருக்கிறது. ஒரு உணவுப் பழக்கத்தின் ஒழுக்கத்தைத் தேசத்தின் தொழில் கொள்கையாக எழுதி வைத்த வரி இது. இதன் சுமை விழுவது கறிக்கடையிலும் தோலிலும் எலும்பிலும் தலைமுறை அறிவு வைத்திருக்கிற முஸ்லிம்கள்மீதும் தலித்துகள்மீதும்தான். பின்னால் அசைவ உணவு பரிமாறும் கடைகளுக்கு விலக்குத் தளர்த்தப்பட்டது. ஆனால் 1920இன் ‘அருவருக்கத்தக்க’ பட்டியலையும் 2008இன் விலக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். உரிமச் சன்னலும் உதவிச் சன்னலும் வெவ்வேறு கட்டடத்தில் இருந்தாலும் பார்வை ஒன்றுதான்.

நிபந்தனைகள் கல்வெட்டு அல்ல என்பதற்கும் சான்று உண்டு. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், தலித், பழங்குடித் தொழில் முனைவோருக்கு 35 விழுக்காடு அரசு மானியம், மீதி 65 விழுக்காடு வங்கிக் கடன். சொந்தப் பங்கு என்று தனியாக எதுவும் இல்லை. விண்ணப்பிக்க வேண்டியது மாவட்டத் தொழில் மையத்தில். லேபர் துறையிலிருந்து தொழில்துறைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 65க்கு மறுபடியும் வங்கி மேசைக்குத்தான் போக வேண்டும்.

6

உள்ளாட்சி உதவிச் சன்னலுக்கு வந்த தருணங்கள் இரண்டைப் பார்க்கலாம்.

ஒன்று, தெரு வியாபாரிகள். தெருவில் வியாபாரம் செய்வது, தகுந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அடிப்படை உரிமையின் பகுதி என்று 1989இல் சோதான் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அது சட்டமாக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்குக் கொடுத்தது. 2020இல் கொரோனா முடக்கத்தில் தெருக்கள் காலியானபோது 10,000 ரூபாய் முதல் கடன் என்று ஸ்வநிதி திட்டம் வந்தது. அதைப் பெற நகராட்சி தந்த விற்பனைச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வண்டியைத் தூக்கிக்கொண்டு போன அதே அலுவலகம், ‘இவர் இங்கே வியாபாரம் செய்பவர்தான்’ என்று எழுதிக் கொடுத்தது. வேடிக்கைதான். ஆனால் அந்தக் கடிதம் கடனைவிடப் பெரியது. ஆக்கிரமிப்பாளர் என்ற சொல்லை அது ரத்து செய்கிறது.

இரண்டாவது, 2023 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம். 18 கைத்தொழில்கள், 5 விழுக்காடு வட்டியில் கடன், கருவிக்கு 15,000 ரூபாய். முதல் கட்டச் சரிபார்ப்பு ஊராட்சியில் அல்லது நகர உள்ளாட்சியில். குடும்பத்தில் வழிவழியாக வருகிற தொழில், குரு சிஷ்யப் பரம்பரை, 18 வயது என்பவை சேர்ந்தபோது, 1953இன் குலக்கல்வித் திட்டத்தை நினைவில் வைத்திருக்கிற தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு மூன்று மாற்றங்கள் கேட்டது: குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு, ஊராட்சித் தலைவருக்குப் பதில் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கட்டும். மத்திய அரசு ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது.

முதல் இரண்டு கோரிக்கைகளோடு எனக்குச் சண்டையில்லை. மூன்றாவதில் நின்று யோசிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நம்பாமல் வருவாய்த் துறை அலுவலரை நம்பு என்கிறது, மாநில சுயாட்சி பேசுகிற ஒரு அரசு. சுயாட்சி கோட்டையோடு நின்றுவிடுமா? 2016 அக்டோபருக்குப் பிறகு கிராமங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், நகரங்களில் 2022 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டிய மாநிலம் இது.

ஆனால் மறுபக்கம் இதைவிடக் கடினம். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதே காரணம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தனித்தொகுதித் தேர்தலை நடத்தவே விடவில்லை. இந்த ஊராட்சிகளிடம் ‘யார் தொழில் முனைவோர்’ என்று சான்று தருகிற அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. பறையடிக்க மறுத்த குடும்பத்துப் பையன் கோழிப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று வந்தால், எந்தத் தொழிலுக்குக் கையெழுத்து விழும்?

7

ஆகவே அதிகாரத்தைக் கீழே கொண்டுபோ என்று மட்டும் சொல்வது போதாது. எந்த அதிகாரத்தை என்று கேட்க வேண்டும். ஒருவர் இன்ன தொழிலுக்கு உரியவர் என்று சான்று சொல்லும் அதிகாரம் யாரிடமும் இருக்கக் கூடாது. ஊராட்சித் தலைவரிடமும் வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் வேண்டாம். தன் தொழிலை ஒருவர் தானே அறிவிப்பது போதும். கொட்டகை, மின்சாரம், தண்ணீர், கழிவு சுத்திகரிப்பு, சந்தையில் ஒரு இடம் என்கிற பொதுவசதிகள்தான் உள்ளாட்சிக்கு வர வேண்டியவை. அவை ஆளைத் தரம் பிரிக்காமல் உதவக்கூடியவை. கிண்டியில் மாநில அரசு செய்ததைச் சிறிய அளவில் ஒரு பேரூராட்சி செய்ய முடியும், பணமும் அலுவலரும் கொடுத்தால். தெரு வியாபாரிகள் சட்டம் காட்டிய வழியில், தொழில் செய்பவர்களே தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அந்த வசதிகளைக் கண்காணிக்கட்டும். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.

உரிமப் பட்டியல்களையும் விலக்குப் பட்டியல்களையும் பொதுவில் வாசிப்பது உடனே செய்யக்கூடிய வேலை. 1920இன் சட்டம் போய் 2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய பட்டியலில் எது போனது, எது வேறு பெயரில் தங்கியிருக்கிறது என்பதை நம் தோழர்கள் தங்கள் நகராட்சியில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். கடந்த மூன்றாண்டில் எத்தனை கடன் மனுக்கள் வந்தன, எத்தனை வங்கியில் திருப்பப்பட்டன, திருப்பியதற்கு எழுதப்பட்ட காரணம் என்ன என்று மாவட்டத் தொழில் மையத்திடமும் கேட்கலாம். அந்தக் காரணங்களைச் சாதிவாரியாக, பால்வாரியாக அடுக்கி வைத்தால், இக்கட்டுரை சட்ட வாசகங்களிலிருந்து ஊகித்ததை மனுக்களே சொல்லிவிடும், அல்லது மறுத்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்த அடுக்கை இப்பக்கங்களில் வெளியிட்டு மேலே பேசலாம்.